குதிரை மறுக்கலாமா? மலையகத்தில் மட்டக்குதிரையும் அதைப் பிடிப்பவரும்

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் குதிரைக்கு ஓய்வில்லை. பந்தயத் திடலில் கவர்னர் கிண்ணத்துக்காக உயர்சாதிக் குதிரைகள் ஓடும். கிரகரி வாவிக் கரையில் மட்டக்குதிரைகள் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து ஒரே பாதையில் நாள் முழுக்கப் போய்வரும். சித்திரைப் புத்தாண்டுக் கூட்டம் கலைந்து மழை பிடித்ததும் காட்சி மாறிவிடும். சவாரி இல்லாத மாதங்களில் வீதியோரம் குப்பை கிளறும் குதிரைகள், வாகனத்தில் அடிபட்ட குதிரைகள் என்று பத்திரிகைச் செய்திகள் வரத் தொடங்கும்.

இதே காலத்தில் உலகின் வேறு பகுதிகளில் குதிரையை அடித்துப் பணியவைப்பதைக் கைவிட்டு, அதன் உடல்மொழியைப் படித்து, விளையாட்டுப் போன்ற பயிற்சிகளால் அதைத் துணையாக்கிக்கொள்ளும் முறை பரவியிருக்கிறது. இயற்கைவழிக் குதிரைப் பயிற்சி என்பது அதன் பெயர். அந்த முறையில் சாரம் எவ்வளவு, சந்தைச் சரக்கு எவ்வளவு? ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று பிழைப்பு நடத்தும் மலைநகருக்கு அது பொருந்துமா? இக்கட்டுரை இந்தக் கேள்விகளை வரலாறு, பயிற்சி முறை, ஆய்வுகள், கூட்டு அனுபவம் ஆகிய நான்கு பக்கமிருந்தும் பார்க்கிறது.

வாங்கினோம், அறிந்தோமா?

தமிழருக்குக் குதிரை பெரும்பாலும் கடல் கடந்து வந்த பொருள். காவிரிப்பூம்பட்டினத்தில் அது வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சரின் கதைதான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களின் வணிகர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கொண்டுவந்து விற்றதாகவும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை மாண்டதாகவும் குறிப்பிடுகிறார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததும், வெந்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுத்ததும் அவர் காட்டும் காரணங்கள். குதிரை வைத்தியர் எவரும் அந்தப் பக்கம் போய்விடாமல் வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் விற்க முடியும்! போலோ சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் விலைக்கு வாங்குகிறவனுக்கும் குதிரையை அறிந்தவனுக்கும் நடுவே விழுந்த இடைவெளியை அவர் சரியாகவே கண்டார்.

ஏட்டறிவு இல்லாமலும் இல்லை. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. சுழி, நிறம், நடை ஆகியவற்றைக் கொண்டு குதிரையின் நன்மை தீமை சொல்லும் மரபு இன்றும் குதிரைச் சந்தைகளில் புழங்குகிறது. ஆனால் அது பெரிதும் வாங்குகிறவருக்கான அறிவு. நாள்தோறும் தீனி வைத்து, சாணம் அள்ளி, குளம்பைத் தூக்கிப் பார்க்கிறவர் கற்றதை யாரும் எழுதி வைக்கவில்லை. வழிபாட்டிலோ குதிரை உச்சத்தில் நிற்கிறது. ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண்குதிரை. தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் மதுரைவீரனுக்கும் குதிரைதான் வாகனம். தெய்வத்தின் குதிரைக்குக் கிடைத்த மதிப்பு லாயத்தில் நின்றதற்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

துரையின் குதிரை

நுவரெலியாவின் காலனியக் குடியேற்றமே குதிரையோடு தொடங்கியது. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் ஆடுமாடுகளையும் குதிரையையும் வேட்டை நாய்களையும் கொண்டுவந்து இங்கே பண்ணை அமைக்க முயன்றார். 1855இல் வெளிவந்த தம் நூலில் ஒரு சம்பவத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். அவருடைய குதிரைக்காரனான பெர்க்ஸ் என்ற ஆங்கிலேயன் மலைப்பாதையில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் கவிழ்த்தான். கவிழ்ந்த வண்டியை மீட்க அனுப்பிய யானையையும் அளவுக்கு மீறி விரட்டியே சாகடித்தான். பேக்கருக்கு அது வேடிக்கை. விலங்கின் மூச்சையும் களைப்பையும் படிக்கத் தெரியாதவன் கையில் அதை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மலையகத்தில் எழுதப்பட்ட முதற்சான்றுகளில் ஒன்றாகவும் அதை வாசிக்கலாம்.

பந்தயம் 1875இல் தொடங்கியது. முதல் திடலைச் சாமுவேலின் தம்பி ஜான் பேக்கர் அமைத்தார் என்பர். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் வாவி உருவானது. ஆக, இன்றைய குதிரைத் தொழிலின் இரண்டு களங்களும் ஒரே பத்தாண்டில் பிறந்தவை. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டும்வரை இந்த உயரத்துக்கு ஏறி வரக் குதிரையும் மாட்டு வண்டியும் கால்நடையுமே வழி. துரைமார் குதிரையேறி மலை பார்த்தார்கள். சவாரி போகும் குதிரையோடு குதிரைக்காரர் ஓடியே வந்ததைக் காலனியகாலப் பயண நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. ஏறியவர் பெயர் கிண்ணங்களில் பொறிக்கப்பட்டது. ஓடி வந்தவர் பெயர் எங்கும் இல்லை. தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் வந்தபின் லாயங்கள் காலியாயின. குதிரை பந்தயத்துக்கும் சுற்றுலாவுக்கும் என்று சுருங்கியது.

இலங்கைத் தமிழர் குதிரையைக் குதிரையாகவே பார்க்கக்கூடிய இடம் வடக்கே இருக்கிறது. நெடுந்தீவில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து தங்கிப்போன மட்டக்குதிரைகள் காட்டுத்தனமாகத் திரிகின்றன. 2015இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடும் வறட்சியில் அங்கே குதிரைகள் சாவதும் உண்டு; ஆகவே அதைச் சொர்க்கம் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் ஓர் ஆண்குதிரை, சில பெட்டைகள், குட்டிகள் என்று கூட்டமாய் வாழ்வதும், நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலில் கழிப்பதும், ஒன்று தலை நிமிர்ந்தால் மற்றவையும் நிமிர்வதும் அங்கே கண்கூடு. கட்டுத்தறியில் தனித்து நிற்கும் குதிரை எதையெல்லாம் இழந்திருக்கிறது என்பதை இந்தக் கூட்டத்தைக் கொண்டுதான் அளக்க முடியும்.

கயிறு தளரும் கணம்

குதிரையைச் சினத்தோடு அணுகக் கூடாது என்று கிரேக்கத்தின் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். 20ஆம் நூற்றாண்டில் அந்தக் கருத்துக்கு அமெரிக்க மாட்டுப் பண்ணைகளிலிருந்து புத்துயிர் வந்தது. ஓரிகான் மாநிலத்தவரான டாம் டொரன்ஸ் (1910–2003), அவர் வழிவந்த ரே ஹண்ட், பிறகு பக் பிரானமன் ஆகியோர் குதிரையை அடித்துப் பணியவைத்து 'முறிக்கும்' பழைய வழக்கத்துக்கு மாற்றுக் காட்டினார்கள். மான்டி ராபர்ட்ஸ் வட்டத் தொழுவத்தில் குதிரையை ஓடவிட்டு, அது தானே திரும்பி வந்து மனிதரோடு சேர்வதைக் காட்டிப் புகழ்பெற்றார். பாட் பரேல்லி இந்த அறிவை ஏழு விளையாட்டுகளாக வகுத்தார்.

அந்த ஏழும் எளியவை. முதலாவது நட்பு விளையாட்டு: கை, கயிறு, துணி எதுவும் தன்னைக் காயப்படுத்தாது என்று குதிரை நம்பும்வரை உடலெங்கும் தடவுதல். இரண்டாவது முள்ளம்பன்றி விளையாட்டு: விரல்நுனியால் மெல்ல அழுத்தி, குதிரை விலகியதும் அழுத்தத்தை விடுதல். மூன்றாவதில் தொடாமலே சைகையால் நகர்த்துவார்கள். நான்காவதில் கயிற்றின் நீளத்துக்குப் பின்னே அனுப்பி மீண்டும் அழைப்பார்கள். பிறகு வட்டமாகச் செல்லுதல், பக்கவாட்டில் நடத்தல், கடைசியாகக் குறுகலான இடத்தைக் கடத்தல். சேணமோ கடிவாளமோ வேண்டாம். தலைக்கயிறும் ஒரு நீளக் கயிறும் போதும்.

ஏழிலும் ஓடும் நரம்பு ஒன்றுதான். மெல்லக் கேள், குதிரை முயன்ற அந்தக் கணத்திலேயே கயிற்றைத் தளர்த்து. இழுப்பது குதிரைக்குப் பாடம் அல்ல, தளர்வுதான் பாடம். அரை விநாடி தாமதித்தால் வேறு எதையோ கற்றுக்கொள்ளும். வாவிக்கரையில் ஓயாமல் இழுபடும் குதிரை, இழுப்புக்கு அர்த்தமே இல்லை என்று கற்றிருக்கும். முரட்டு வாய் என்று ஏசப்படுவது பெரும்பாலும் இப்படி உருவாக்கப்பட்ட வாய்தான்.

ஆய்வுகள் சொல்வது

விளம்பரத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால் ஆய்வாளர்கள் இம்முறையை முழுதாக ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அழுத்தமும் தளர்வும் மந்திரமல்ல, கற்றல் கோட்பாட்டின் பழைய விதி என்று ஆஸ்திரேலியாவின் பால் மெக்கிரீவி, ஆன்ட்ரூ மெக்லீன் போன்றோர் விளக்கினார்கள். மனிதன் குதிரைக் கூட்டத்தின் தலைவனாகிறான் என்ற பயிற்சியாளர்களின் கூற்றை அவர்கள் ஏற்பதில்லை. குதிரை நம்மை இன்னொரு குதிரையாக எண்ணுகிறது என்பதற்குச் சான்று போதாது. கொன்ஸ்டான்ஸ் குரூகர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. வட்டத் தொழுவத்தில் மனிதரைப் பின்தொடரப் பழகிய குதிரைகள் திறந்த மேய்ச்சல் நிலத்தில் அப்படிப் பின்தொடரவில்லை. தப்ப வழியில்லாத இடத்தில் அருகே வருவது வேறு, விரும்பி வருவது வேறு.

மறுபுறம், குதிரை நம்மைப் படிக்கும் திறன் நாம் நினைப்பதைவிட மிகப் பெரியது. 1904இல் பெர்லினில் ஆஸ்கர் பூங்ஸ்ட், கணக்குப் போடும் குதிரை என்று புகழப்பட்ட ஹான்ஸைச் சோதித்தார். அதற்குக் கணக்குத் தெரியாது. கேட்பவர் தம்மை அறியாமல் தலையை மிக நுட்பமாக அசைப்பதைப் பார்த்தே, விடையாகக் குளம்பால் தட்டுவதை நிறுத்தியது. கோபமுகப் படத்தைக் காணும் குதிரையின் இதயத் துடிப்பு விரைவாக ஏறுவதை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2016இல் காட்டினார்கள். சுவீடனில் லிண்டா கீலிங் குழுவினர் 2009இல் செய்த சோதனை வாவிக்கரைக்கு நேரடியாகப் பொருந்தும். குதிரை கடந்து போகும்போது குடை விரியும் என்று ஆட்களிடம் சொன்னார்கள், குடை விரிக்கப்படவில்லை. ஆனாலும் பயந்த மனிதரோடு சேர்ந்து குதிரையின் இதயத் துடிப்பும் ஏறியது. முதன்முறை ஏறும் பயணியின் நடுக்கம் குதிரைக்கு அப்படியே போய்ச் சேருகிறது என்று பொருள்.

குதிரையிடம் கருத்துக் கேட்கவும் முடியும். நார்வேயில் செசிலி மெய்டெல் குழுவினர் 23 குதிரைகளுக்கு மூன்று குறிப்பலகைகளைப் பழக்கினார்கள்: போர்வை போடு, கழற்று, அப்படியே இருக்கட்டும். குளிரும் மழையும் உள்ள நாளில் போர்வை கேட்டன, வெயில் நாளில் கழற்றச் சொன்னன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், தை மாசி விடியலில் புல்நுனி உறையும் நுவரெலியாவில் இந்த முடிவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பயிற்சிக்கு என்ன பெயர் வைத்தாலும் சரி, குதிரை வேண்டாம் என்று காட்டும்போது பிடிப்பவர் தம் முறையை மாற்றிக்கொண்டால் அங்கே கூட்டுறவு இருக்கிறது. காதை மடித்தல், வாலைச் சுழற்றுதல், சேணம் கண்டதும் விலகுதல் ஆகியவற்றுக்குப் பதில் எப்போதும் சாட்டைதான் என்றால், ஏழு விளையாட்டும் ஏழு கட்டளைகளே. பெயர் பொறித்த கோல்களையும் கயிறுகளையும் படிப்படியான பாடத்திட்டங்களையும் விற்கும் தொழிலாக இம்முறை மேலைநாடுகளில் மாறிப்போனதை விமர்சகர்கள் சுட்டுவதும் இதனால்தான். விலை கொடுத்து வாங்கும் கோல், கயிற்றைத் தளர்த்த வேண்டிய கணத்தைக் கற்றுத் தராது.

வாவிக்கரையின் கணக்கு

இனி நடைமுறை. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. சேணமும் அதில் அடங்கும். 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோ என்றால், சேணம் போக நாற்பது கிலோ சொச்சம்தான் மிஞ்சும். அது பிள்ளைகளின் எடை. வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் குதிரைமேல் ஏறவே கூடாது.

தீனிக் கணக்கும் அப்படியே. குதிரையின் இரைப்பை சிறியது, ஓயாமல் சிறிது சிறிதாக மேயும்படி அமைந்த குடல். வாந்தியெடுக்க அதனால் முடியாது. காலையிலும் மாலையிலும் தானியத்தைக் கொட்டிவிட்டு இடையே பட்டினி போட்டால் வயிற்றுவலியே உயிரைக் கொண்டுபோகும். சாதத்தோடு பொலித்தீனைத் தின்னும் குப்பைமேட்டுக் குதிரைக்கு ஆபத்து இன்னும் அதிகம். லாடமும் குளம்பும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கொருமுறை பார்க்கப்பட வேண்டும். ஈர நிலத்தில் நாள் முழுக்க நின்றால் குளம்பின் அடி அழுகும்.

இவையெல்லாம் குதிரை பிடிப்பவருக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் சீசனில் ஈட்டுவதை வைத்தே மழைமாதங்களைத் தாண்ட வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அடுத்த ஆண்டுப் பெருந்தொற்று, 2022 பொருளாதார நெருக்கடி என்று சுற்றுலா அடுத்தடுத்து விழுந்தபோது தீனிச் செலவு மட்டும் நிற்கவில்லை. பருத்த பயணி ஒருவர் வந்து நிற்கிறார். முடியாது என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் ஏற்றிக்கொள்கிறார். மறுத்தவருக்கு அன்றைய வரும்படி போயிற்று. குதிரைக்கு மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் அதைப் பிடிப்பவருக்கும் அந்த உரிமை இல்லை. என் பார்வையில் பிரச்சினையின் முடிச்சு இதுதான். தனி மனிதருக்கு அன்பைப் போதித்து இதை அவிழ்க்க முடியாது.

சட்டமும் கைகொடுக்கவில்லை. விலங்கு வதைத் தடுப்புக்கு நாடு நெடுங்காலம் நம்பியிருந்தது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை. அதன்படி அபராதம் 100 ரூபாய்க்குள். சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த புதிய சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

கூட்டாகப் பழகுதல்

இந்த முடிச்சை வேறோர் இடத்தில் அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். 1934இல் டொரதி புரூக் கெய்ரோவில் தொடங்கிய விலங்கு மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த புரூக் அமைப்பு, வட இந்தியாவின் செங்கல் சூளைகளிலும் குதிரை வண்டிகளிலும் உழைக்கும் விலங்குகளிடையே பணிபுரிகிறது. மருந்து கொடுத்துத் திரும்பினால் அதே புண் மறுபடி வருவதைக் கண்ட அவர்கள் உரிமையாளர்களைக் குழுக்களாகத் திரட்டினார்கள். அந்த அனுபவம் 2011இல் கைநூலாகவும் வந்தது.

அங்கே செய்யப்பட்ட இரண்டு பயிற்சிகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, 'நான் குதிரையாக இருந்தால்'. உரிமையாளர்கள் வட்டமாக உட்கார்ந்து, தாம் குதிரையானால் முதலாளியிடம் என்ன எதிர்பார்ப்போம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள்: தண்ணீர், நிழல், புண் ஆறும்வரை ஓய்வு, அடியில்லாத நாள். பிறகு அவற்றில் தாம் எதைக் கொடுக்கிறோம் என்று தமக்குத் தாமே மதிப்பெண் போடுகிறார்கள். மற்றொன்று, குழுவாக வீடுவீடாக நடந்து ஒவ்வொரு விலங்கின் கண், முதுகு, கால், குளம்பு ஆகியவற்றைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று குறித்தல். வெளியூர் அதிகாரி சொன்னால் கோபம் வரும். பக்கத்துக் குதிரைக்காரர் சொன்னால் வெட்கம் வரும், அடுத்த முறைக்குள் சிவப்பை மஞ்சளாக்கிவிட வேண்டுமென்ற வீம்பும் வரும். கூட்டுச் சேமிப்பும், தீனியை மொத்தமாக வாங்குவதும் இத்தகைய குழுக்களில் வேரூன்றின.

இலங்கையிலேயே அயல் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மன்னாரில் தெருவில் திரிந்த கழுதைகளுக்காக பிரிட்ஜிங் லங்கா அமைப்பு சிகிச்சை நிலையமும் கல்வி மையமும் அமைத்து, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவிட்டது. தொல்லை என்று விரட்டப்பட்ட விலங்குக்கு, ஓடாமலும் சுமக்காமலும் வேறொரு வேலை கிடைத்தது. முதுகில் யாரும் ஏறாமலே குதிரையால் வருமானம் வரலாம் என்பதற்கு இது ஒரு தடயம்.

எங்கிருந்து தொடங்குவது

நுவரெலியாவில் இதற்கான காலம் சீசன் அல்ல. அதற்குப் பிந்திய மழைமாதங்கள். கூட்டம் இல்லை, அவசரம் இல்லை, குதிரைகளும் சும்மா நிற்கின்றன. வாரம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் தம் குதிரைகளோடு கூடினால் போதும். தார்ப்பாய், குடை, பிளாஸ்டிக் பை ஆகியவற்றுக்குக் குதிரையைப் பழக்குவது, இழுக்காமல் நடத்துவது, நான்கு குளம்பையும் தூக்கக் கற்பிப்பது, தொட்டுப் பின்னகர்த்துவது என்று நட்பு விளையாட்டும் முள்ளம்பன்றி விளையாட்டும் சொல்வதையே இங்குள்ள பொருள்களைக் கொண்டு செய்யலாம். ஒருவர் பழக்க, மற்றவர்கள் குதிரையின் காதையும் மூச்சையும் பார்த்து எப்போது தளர்த்தியிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். தன் கையின் தாமதம் தனக்குத் தெரியாது, பார்ப்பவருக்குத் தெரியும். கூட்டுப் பயிற்சி இன்றியமையாதது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

இந்தக் குழுவிலிருந்து பிறக்க வேண்டிய பெரிய பயன் எடை வரம்பு. எல்லோரும் ஒரே எடைக்கு மேல் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்து ஒரு தராசை வாவிக்கரையில் வைத்தால், மறுப்பவர் வரும்படி இழக்கமாட்டார். வளர்ந்தவர்களுக்குக் குதிரையோடு நடத்தல், தடவிக் கொடுத்தல், தீனி வைத்தல், படம் எடுத்தல் என்று ஏறாத வகை விலைப்பட்டியல் ஒன்றை வைக்கலாம். சவாரிக்கு அனுமதி தரும் அதிகாரமுள்ளவர்கள், மழைக்காலத்தில் குதிரையை எங்கே கட்டுவது, யார் தீனி போடுவது என்ற பதிலைக் கேட்ட பின்பே அதைப் புதுப்பிக்கலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரை மட்டக்குதிரைகளின் நிலைமை இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. இங்கே வெற்றி பெறுவது அங்கும் பயன்படும்.

எதிர்வாதம் ஒன்று மிஞ்சுகிறது. நாட்சம்பளத்துக்குப் போராடும் தோட்டங்களின் நடுவே குதிரையின் விருப்பு வெறுப்பைப் பேசுவது வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு இல்லையா? குதிரையை மட்டும் பேசினால் அப்படித்தான். ஆனால் மலையகத்தில் ஓடியே வந்த குதிரைக்காரர் காலம் முதல் இன்றுவரை விலங்கின் நிலையும் அதைப் பிடிப்பவரின் நிலையும் சேர்ந்தே தாழ்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டு மன்னர்கள் பொன் கொடுத்து வாங்கியும் காப்பாற்ற முடியாத குதிரைகளை, பிடிக்கத் தெரிந்த மனிதரின் அறிவுக்கு விலை கொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அந்த அறிவைத் தொழிலாக மதித்து, கூலியும் பயிற்சியும் கொடுத்து, கூட்டாகப் பேசும் பலத்தையும் கொடுத்தால் குதிரையின் நலன் தனிச்செலவு ஆகாது. அந்தத் தொழிலின் தரம் என்றே அது கணக்கில் வரும். முதலில் வாங்க வேண்டியது தராசு. புதிய குதிரைகளை அதன்பிறகு வாங்கிக்கொள்ளலாம்.